கூதிரைக் கூதிர் என்போம்

(சிற்றூர்த் தமிழ் மன்றமொன்றில், நளித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மழையையும் பொருட்படுத்தாது, குடை பிடித்தும் கோணியைத் தலையிற் கவிழ்த்தும் வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! தாய்மார்களே! மாணவத் தோழர்களே!

இயற்கை எழில் பற்றிப் பேசவேண்டுமென மன்றத்தார் பணித்தனர். இயற்கை எழில் முழுவதையும் ஒரு மாலைப் பொழுதிற் பேசி முடிக்கும் திறம் எனக்கில்லை. ஆகவே, இப்பொழுது இக்கூரையின்மேல் தட்டிக்கொண்டிருக்கின்றதே, அதனைப் பற்றி மட்டும் பேசலாமென்று வந்துள்ளேன். அதாவது, கூதிர்ப் பருவத்தைப் பற்றி.

பேசுமுன் ஒரு செய்தி. கதையன்று, சென்ற ஆண்டு நடந்தது. என் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் ஆறாம் வகுப்பிற் படித்துவந்தான். எந்தப் பள்ளி என்பது நமக்கு வேண்டா. தேர்வில் ஒரு வினா: "இலையுதிர் காலத்தைப் பற்றி ஐந்து சொற்றொடர் எழுதுக". பையன் எழுதினான்: "இலையுதிர் காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அப்பொழுது எங்கள் ஊரில் மழை பெய்யும். வயலெல்லாம் பச்சையாக இருக்கும். எங்கள் வீட்டு வேப்பமரத்தில் இலை உதிராது. அது மாசியில்தான் உதிரும்."

முதற்றொடர் மனப்பாடம். ஏனைய நான்கும் அவன் கண்ணாற் கண்டவை. கண்டு எழுதிய நான்கின்மேலும் சிவப்பு மையாற் குறுக்குக் கோடு! அவனுக்கு அடுத்த இருக்கையில் இருந்த பெண்பிள்ளை, மரங்களெல்லாம் சிவந்து பொன்னிறமாகி, இலைகள் உதிர்ந்து சாலையெங்கும் கம்பளம் விரித்ததுபோற் கிடக்கும் என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றாள். அத்தகைய சாலையை அவள் கண்டதில்லை. திருத்திய ஆசிரியரும் கண்டிரார். நான் அவ்வாசிரியரை நோகவில்லை. கையிலிருந்த விடைக்குறிப்பின்படி அவர் திருத்தினார். ஆனால், பையன் என்னிடம் வந்து, "தாத்தா, நம் வேப்பமரம் தப்பு செய்கிறதா?" என்று கேட்டபொழுது, எனக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. அவ்வினாவுக்குத்தான் இன்று விடை சொல்ல வந்திருக்கின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். குளிர்நாடுகளில் இலை உதிரும் பருவம் ஞாலத்தின் பேரழகுகளுள் ஒன்று. அதை இகழ்ந்து பேசுவது தமிழ்ப் பற்றாகாது. கனடாவின் கீழைப் பகுதியிலும், அமெரிக்காவின் வடகிழக்கிலும் சருக்கரை மேப்பிள் மரங்கள் மலைமலையாகத் தீப்பற்றியதுபோற் சிவக்கின்றன. கனடியர் 1965-இல் தம் நாட்டுக் கொடியில் அம்மரத்தின் இலையையே பொறித்துக்கொண்டனர். சப்பானியர் செவ்விலை காண்பதற்கென்றே குடும்பத்தோடு மலைக்குச் செல்வர். அதற்கு மோமிசிகரி என்று ஒரு தனிச்சொல்லே வைத்துள்ளனர். செவ்விலை வேட்டை என்பது அதன் பொருள். வில்லின்றி, வலையின்றிக் கண்ணால் ஆடும் வேட்டை! தன் நாட்டு மரத்தைத் தன் மொழிச் சொல்லாற் போற்றும் இனத்தாரைக் கண்டால் எனக்கு மதிப்பே மிகுகின்றது.

அவ்விலைகள் ஏன் நிறம் மாறுகின்றன? இலையிலுள்ள பச்சையம் நிலையான பொருளன்று. கதிரவன் ஒளியில் அது சிதைந்துகொண்டேயிருக்கும். மரம் புதிதாக ஆக்கிக்கொண்டேயிருக்கும். இரவு நீண்டு குளிர் தொடங்கியதும் மரம் அவ்வாக்கத்தை நிறுத்திக்கொள்கின்றது. இலையிலுள்ள சத்துகளை முடிந்தமட்டும் கிளைக்கும் வேருக்கும் திரும்ப வாங்கிக்கொள்கின்றது. பச்சை மறைந்ததும், கோடை முழுவதும் அதனடியில் ஒளிந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. ஆகவே, மஞ்சள் புதிதாக வந்ததன்று. முன்பே இருந்தது, நமக்குத் தெரியவில்லை. சிவப்போ அவ்வாறன்று. அது இறுதி நாள்களிற் புதிதாகப் பிறப்பது. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்றதோர் அடுக்கு வளர்ந்து வழியை அடைத்துவரும்பொழுது, இலையில் தங்கிய சருக்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் உண்டாகின்றது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டுகளிற் சிவப்பு மிகும். அதன்பின் அவ்வடுக்கில் இலை கழன்று வீழ்கின்றது. காற்றுப் பறித்தது என்று நாம் சொல்லுகின்றோம். உண்மையில் மரமே முன்னரே அறுத்துவைத்ததைக் காற்று எடுத்துச் செல்கின்றது, அவ்வளவே.

மரம் ஏன் அறுக்கின்றது? நிலம் உறைந்துபோகும் நாட்டில் வேர் நீர் பருக இயலாது. அகன்ற மெல்லிலையோ ஓயாது நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வரவு நின்றபின் செலவு நிற்காவிட்டால் குடும்பம் என்னாகும்? மேலும் குளிர் இலையைக் கொல்லும், ஒளியும் குறைவு. ஆகவே மரம் இலையைத் துறந்து உறங்குகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் மரமும் அதே கணக்கைத்தான் போடுகின்றது, காலந்தான் வேறு. இலண்டனில் கோடையின் நெடிய பகலுக்கும் குளிர்காலக் குறும்பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி வேறுபாடு. சென்னையில் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணிதான். அங்குள்ள மரம் இரவை எண்ணிப் பருவத்தை அறிகின்றது. நம் காட்டு மரத்துக்கோ எண்ணத்தக்கது மழை. நம் நாட்டில் நீர் வரவு நிற்பது பனிக்கட்டியால் அன்று. மழை ஓய்ந்து நிலம் காய்வதால். அது எப்பொழுது? துலையிலும் நளியிலுமா? இல்லை. தை கழிந்து மாசி, பங்குனியில். அப்பொழுதுதான் தேக்கு மொட்டையாக நிற்கும். அப்பொழுதுதான் வேம்பு மஞ்சள் இலைகளைத் தெருவெல்லாம் உதிர்க்கும். அரசு பழைய இலையை உதிர்த்துச் செப்பு நிறத் தளிரை விடும். பூவமரம் உதிர்த்த கையோடு செந்தளிர் விடுவதைத் தொலைவிலிருந்து கண்டால், மரம் முழுவதும் பூத்துவிட்டது என்றே மயங்குவோம். இலையற்ற கிளைகளில் இலவம் செக்கச் செவேலெனப் பூத்து நிற்கும். தெருவோரத்து நாட்டு வாதுமையின் பேரிலைகள் சிவந்து சிவந்து வீழ்வதைச் சென்னையில் வாழ்வோர் நாள்தோறும் மிதித்து நடக்கின்றனர். அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பவர் எத்துணைப் பேர்?

ஆகவே தோழர்களே, இலை உதிரும் பருவம் நமக்கும் உண்டு. அது பின்பனியும் வேனில் தொடக்கமுமாகிய பருவம். இதைத் தொல்காப்பியர் அறியாதவரல்லர். பாலைத் திணைக்கு வேனிலை உரிமையாக்கியவர், பின்பனியையும் அதனோடு சேர்த்துரைத்தார். பாலைப் பாட்டுகளில் நிழலற்ற மரமும், இலையின்றிப் பூத்த இலவமும் வருவதை மாணவர்கள் தேடிப் பார்க்கவேண்டும். தலைவன் பிரிந்து செல்லும் வழியில் நிற்கும் மரங்களும் தம் இலைகளைப் பிரிந்து நிற்கின்றன. இது புலவர் புனைந்த கற்பனை மட்டுமன்று. மாசி மாதத்து மலையடிக் காட்டை நேரிற் கண்டவர் எழுதிய உண்மை.

அப்படியானால் வேப்பமரம் தவறு செய்யவில்லை. தவறு எங்கே நேர்ந்தது? சொல்லில் நேர்ந்தது.

ஆங்கிலத்தில் 'ஆட்டம்' என்று ஒரு பருவப் பெயர் உண்டு. அது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த கடன்சொல். அமெரிக்கர் அதே பருவத்தை 'ஃபால்' என்பர். வீழ்ச்சி என்பது பொருள். இலை வீழும் பருவம். இப்பருவப் பெயரைத் தமிழில் மொழிபெயர்த்தவர் 'இலையுதிர் காலம்' என்றார். அந்நாட்டுப் பருவத்திற்கு அது நல்ல பெயர். தூய தமிழ்ச் சொல்லுங்கூட. ஆயின், அச்சொல்லை எடுத்து வந்து செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்னும் நம் நாட்காட்டியின்மேல் ஒட்டியதுதான் பிழை. தூய தமிழாற் சொன்னாலும் பொய் பொய்தானே? தனித்தமிழ் என்பது பிறமொழிச் சொல்லை நீக்குவதோடு முடிந்துவிடுவதன்று என்று நான் பலமுறை சொல்லி வருகின்றேன். சிலர்க்கு அது கசக்கின்றது. சொல்லும் தமிழாக இருக்கவேண்டும். அச்சொல் சுட்டும் பொருளும் கண்ணெதிரே இருக்கவேண்டும்.

ஆங்கிலேயர்க்கே இதில் ஒரு பழைய இழப்பு உண்டு. அவர்கள் முன்னோர் இப்பருவத்தைக் கடன்சொல்லாற் குறிக்கவில்லை. 'ஆர்வெசுட்டு' என்ற தம் சொந்தச் சொல்லாற் குறித்தனர். அறுவடைப் பருவம் என்பது கருத்து. நகரத்தார் பெருகப் பெருக, அச்சொல் பருவத்தை விட்டு அறுவடைத் தொழிலுக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிற்று. பருவத்துக்கு வந்தேறி ஒன்று வந்து அமர்ந்தது. அவர்தம் இனமொழியாகிய செருமனியிலோ, அதே வேர்ச்சொல்லாகிய 'எர்ப்சுட்டு' இன்றும் அப்பருவத்தின் பெயராக வாழ்கின்றது. ஒரு தாய்க்குப் பிறந்த இரு மொழிகளுள் ஒன்று காத்தது, மற்றொன்று கைவிட்டது. நாமோ, காத்து வைத்திருந்தும் மறந்து நிற்கின்றோம்.

நாம் காத்து வைத்த சொல் எது? கூதிர். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடநூலார் சரத் என்பதை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. அஃது அவர்கள் நாட்டில் மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவம். நமக்கோ மழை வலுக்கும் பருவம். பெயரைக் கடன் வாங்கினால் வானமும் உடன் வருமா?

கூதிர் என்பது குளிர்ந்த காற்றையும், அக்காற்று வீசும் பருவத்தையும் குறிக்கும். சொல் செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தென்மாவட்டங்களில் இன்றும் பாட்டிமார், "கூதல் அடிக்கிறது, போர்த்திக்கொள்" என்று சொல்வதைக் கேட்கலாம். கூதலும் கூதிரும் ஒரு வேரில் முளைத்தவை. இத்திங்களுக்கு நாம் வழங்கும் நளி என்னும் பெயர் தேளைக் குறிப்பது. ஆயினும், நளி என்பதற்குக் குளிர்ச்சி என்றும் பொருளுண்டு. காற்றுக்கும் திசைதோறும் பெயர் வைத்தவர்கள் நாம். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. கூதிரின் காற்று வாடை. "வடகிழக்குப் பருவக்காற்று" என்று வானொலி சொல்வதைக் கொண்டலும் வாடையும் கலந்தது என்று என் தந்தையார் சொல்வார். அவர் பள்ளிக்குச் சென்றதில்லை.

இக்காற்று எவ்வாறு பிறக்கின்றது? ஞாயிறு செப்டம்பர் 22 அல்லது 23-இல் நடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்கின்றது. வடநிலம் குளிரத் தொடங்க, கடல் இன்னும் வெம்மையுடன் இருக்கின்றது. காற்று நிலத்திலிருந்து கடல்மேற் சென்று, வங்கக் கடலில் நீரை முகந்துகொண்டு நம் கரைமேல் ஏறுகின்றது. தென்மேற்கு மழைக் காலத்தில் மேற்கு மலைத்தொடர் நமக்குக் குறுக்கே நின்று மழையை மறைத்துக்கொள்கின்றது. ஆகவே நம்மிற் பெரும்பகுதியார்க்கு இக்கூதிரே பெருமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடு அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று திங்களிற் பெய்வது. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று எழுத்தறியாத உழவன் சொன்ன கணக்கும் இதுவே.

கூதிரின் அழகு எத்தகையது? அதற்கு ஒரு நூலைப் பரிந்துரைப்பேன். பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. மொத்தம் 188 அடிகள். ஒரு மாலையிற் படித்து முடிக்கலாம். அதைப் படித்தால் இன்றிரவு உங்கள் வீட்டில் நடப்பதையே எழுதிவைத்திருக்கின்றார் என்று தோன்றும். வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் சென்ற ஆயர், கோடற்பூவாற் கட்டிய கண்ணி நனைந்து நீர் சொட்ட, நெருப்பிற் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கின்றனர். மாடு மேய்ச்சலை மறக்கின்றது. குரங்கு கூனிக் குறுகுகின்றது. புதர்களில் வெண்மையான முசுண்டைப் பூவும் பொன்னிறப் பீர்க்கம்பூவும் சேர்ந்து மலர்கின்றன. ஞாயிறு தெரியாமையால் பொழுது போனது தெரியவில்லை. மகளிர் தட்டில் இட்டுவைத்த மொட்டு மலர்ந்ததைக் கண்டு, மாலை வந்ததென்று அறிந்து விளக்கேற்றுகின்றனர். எத்துணை நுண்ணிய மணிப்பொறி பாருங்கள்! மாடப்புறா இரை தேடப் போகாமல் இறப்பில் நின்று, ஒரு கால் கடுத்தால் மறு காலை மாற்றிக்கொள்கின்றது. கோடையில் ஓயாமல் வீசிய விசிறி சுவரில் தொங்குகின்றது. அதில் சிலந்தி வலை பின்னிவிட்டது. குளிரால் யாழ் நரம்பு கட்டிழக்க, அதனைச் சூடேற்றித்தான் பண் கூட்டவேண்டியிருக்கின்றது.

இவற்றுள் எந்த ஒன்றும் பொன்னும் மணியும் சேர்த்துச் செய்த வருணனை அன்று. விசிறியில் சிலந்தி கூடு கட்டியதைக் கண்ட கண்தான் பாட்டைச் செய்தது. அதே பாட்டின் முடிவில் பாண்டியன் நள்ளிரவிற் பாசறையில் உறங்காமல், புண்பட்ட மறவரை ஒவ்வொருவராய்ப் பார்த்து ஆறுதல் கூறி வருகின்றான். அரண்மனையில் அரசிக்கு அது நெடிய வாடை. அவனுக்கு நல்ல வாடை. ஒரே காற்று இருவர்க்கு இரு பெயர் பெற்றது. தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் யாமத்தையும் உரிமையாக்கியதும் இத்தகைய நுட்பத்தாலேயே. இருள், மழை, வழுக்குப் பாறை, விலங்கு. அத்தனையும் கடந்து ஒருவன் வருகின்றான் என்றால், அவன் அன்புக்கு வேறு சான்று எதற்கு?

இனி, நான் பெரிதும் போற்றும் ஒரு பூவைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்பருவத்தில் நிறம் மாறும் அழகு நமக்கில்லையே என்று ஏங்குவோர் வேலியோரம் சென்று காந்தளைப் பார்க்கட்டும். அங்கே மேப்பிள் இலை செய்வதை இங்கே காந்தள் இதழ் செய்கின்றது. ஆறு இதழ்கள். விரியுங்கால் பச்சை, பிறகு மஞ்சள், அடி மஞ்சளாயிருக்க நுனி சிவக்கும், சில நாள்களுள் முழுதும் செந்நெருப்பாகும். பூ தலைகவிழ்ந்திருக்க, இதழ்கள் மட்டும் அலையலையாய் வளைந்து மேல்நோக்கி எழுகின்றன. மகளிர் கைவிரல் என்று நம் புலவர் கண்டது அதனால்தான். அதன் இலையின் நுனியோ பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அடுத்த செடியைப் பிடித்து ஏறும். தோன்றி என்றும், கார்த்திகைப்பூ என்றும், கிழங்கின் வடிவால் கலப்பைக்கிழங்கு என்றும் அதற்கு எத்தனை பெயர்! கிழங்கு கொடிய நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமற் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நஞ்சிலிருந்துதான் கீல்வாய்க்கு மருந்து எடுக்கின்றனர். மழை ஓய்ந்தபின் கொடி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். தமிழ்நாட்டு அரசு இதனை மாநில மலராக ஏற்றிருக்கின்றது. மாநில மலர் எதுவென்று கேட்டால் தேர்வில் எழுதிவிடுகின்றார்கள். வேலியிற் காட்டினால் களை என்கின்றார்கள்.

பறவைகளை மறந்துவிடவில்லை. கூதிரின் நீர் ஏரிகளில் ஏறியதும் வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும், வக்காவும் வந்து நீரில் நிற்கும் மரங்களிற் கூடு கட்டுகின்றன. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள சிற்றேரி அது. அவ்வூரார் பல தலைமுறைகளாக அப்பறவைகளைக் காத்து வருகின்றனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயத் தண்டலரிடம் அதற்கு எழுத்துறுதி பெற்றவர்கள். பறவை எச்சம் விழுந்த நீர் வயலுக்கு எரு என்பதை அறிந்த உழவர்கள்! கோடிக்கரைக்கோ வடபுலத்திலிருந்து பல்லாயிரம் கல் கடந்து உள்ளான்கள் வருகின்றன. பூநாரைகள் உவர்நீரில் நிரை நிரையாய் நிற்கின்றன. சத்திமுத்தப் புலவர் மதுரையில் வாடைக்கு நடுங்கியபடி செங்கால் நாரையைத் தூது விட்டாரே, அந்நாரை தெற்கே சென்று வடக்கே திரும்பும் என்று அவர் பாடியது, இன்றைய பறவையியலார் சொல்லும் வலசையோடு ஒத்திருக்கின்றது. பறவைகள் மட்டுமா? மழைக்கு முன்னே கிழக்கு மலைகளிலிருந்து மேற்கு மலை நோக்கி வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாய்ப் பறந்து செல்வதைக் கொங்குநாட்டார் பார்த்திருப்பீர்கள்.

மழை வெறித்த இரவொன்றில் வெளியே வந்து கிழக்கே பாருங்கள். இந்நளித் திங்களில் ஞாயிறு மறையும் பொழுதே கார்த்திகை என்னும் அறுமீன் எழும். நள்ளிரவில் உச்சிக்கருகே வரும். விடியுமட்டும் வானில் இருக்கும். அம்மீனின் அருகே முழுநிலா நிற்கும் நாளில் நாம் விளக்கேற்றுகின்றோம். அவ்விளக்குவிழா சங்க நூல்களிலேயே குறிக்கப்பட்டது. ஆண்டில் இருள் மிகுந்து, முகில் மூடிய பருவத்தில் வீட்டுக்கு வீடு வரிசையாய் அகல் வைத்த மக்கள், பருவத்தை உணராதவராய் இருந்திருப்பாரா?

கூதிரைப் புகழ்ந்து மட்டும் பேசினால் கடற்கரை மக்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுக்கோடியைக் கடல் கொண்டதும் இதனையொட்டிய நாள்களிலேதான். 2015-இல் சென்னை மூழ்கியதும், 2018 நவம்பர் 16-இல் கசாப் புயல் வேதாரணியத்தருகே கரையேறி, இலக்கக்கணக்கான தென்னைகளை ஒரே இரவில் முறித்ததும் இப்பருவத்திலேதான். தென்னையை இழந்த உழவரிடம் சென்று வாடையின் அழகைப் பேச எனக்கு நா எழாது. ஆயினும், அவ்வுழவரும் அடுத்த ஆண்டு இதே மழையைத்தான் எதிர்நோக்கி நின்றார். அழகும் அச்சமும் ஒரே முகிலில் வருகின்றன. அதனால்தான் நம் முன்னோர் இம்மழையைத் தேக்க ஊர்தோறும் ஏரி வெட்டினர். நம் நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பர். மூன்று திங்கள் பெய்வதை ஓராண்டுக்கு வைத்து உண்ணும் ஏற்பாடு அது. கூதிர் என்னும் சொல்லை மறந்த தலைமுறைதான் ஏரியிற் பேருந்து நிலையம் கட்டிற்று. பருவம் எதுவென்று தெரியாதவனுக்கு நீர் எங்கே வந்து நிற்கும் என்று எப்படித் தெரியும்?

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. பாடநூல் எழுதுவோரும், தேர்வுத்தாள் திருத்துவோரும் இரண்டையும் இரண்டாகச் சொல்லட்டும். குளிர்நாட்டுப் பருவத்தைப் பேசும்பொழுது இலையுதிர் பருவம் என்க. ஆத்திரேலியாவில் அது மார்ச்சு முதல் மே வரை என்பதையும் உடன் கற்பிக்க. நம் ஐப்பசி, கார்த்திகையைப் பேசும்பொழுது கூதிர் என்க. நம் மரங்கள் இலை உதிர்ப்பது பின்பனியில் என்பதைப் பிள்ளைகள் தாமே மரத்தடியிற் சென்று கண்டு எழுதட்டும். இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் அரசாணைக்குக் காத்திராமல் நாளைக்கே இதைத் தொடங்கலாம். ஒருவரும் தடுக்கப்போவதில்லை.

அண்டை வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவன் இவ்வாண்டு ஏழாம் வகுப்பு. சென்ற கிழமை அவனை அழைத்து, வேலியில் ஒரு காந்தட் பூவைக் காட்டி, நாள்தோறும் அதன் நிறத்தை எழுதிவரச் சொன்னேன். ஐந்து நாள் வந்தான். முதல் நாளைக்குப் பச்சைக் கரிக்கோலால் வரைந்தான். மூன்றாம் நாளைக்கு மஞ்சளும் சிவப்பும் சேர்த்தான். ஐந்தாம் நாளைக்குச் சிவப்பு தீர்ந்துபோய், என் திருத்தக்கோலை வாங்கி அதன் சிவப்பு மையாலேயே இதழ்களைத் தீட்டினான். ஓரத்தில், "வேப்பமரத்தை மாசியில் எழுதுவேன்" என்றும் குறித்திருக்கின்றான். அத்தாளைக் கையோடு கொண்டுவந்துள்ளேன். கூட்டம் கலைந்தபின் பார்க்க விரும்புவோர் மேடைக்கு வந்து பார்க்கலாம்.

மழை சற்றுத் தணிந்திருக்கின்றது. தொலைவூர் செல்லவேண்டியவர்கள் இப்பொழுதே புறப்படுங்கள். வாய்க்கால் கரையில் வழுக்கும், விளக்கு எடுத்துச் செல்லுங்கள்.